நிற்க ஓர் இடம்

1825ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், லண்டன் நாடாளுமன்றத்தின் குழு அறையொன்றில் ஜார்ஜ் ஸ்டீவன்சன் என்னும் பொறியாளர் சாட்சியாக நிறுத்தப்பட்டார். லிவர்பூலையும் மான்செஸ்டரையும் இணைக்கும் இருப்புப்பாதைக்கான மசோதா அப்போது விசாரணையில் இருந்தது. பாதை செல்லவிருந்த நிலங்களுக்கு உடைமையாளர்களான பிரபுக்களும், சரக்கு வருவாயை இழக்க அஞ்சிய கால்வாய்த் தரப்பினரும் அதனை எதிர்த்தனர். அவர்களுடைய வழக்கறிஞர் எட்வர்டு ஆல்டர்சன், இர்வெல் ஆற்றுப் பாலத்தின் உயரக் கணக்கிலிருந்து சாட் மாஸ் சதுப்பு நிலம் வரை துருவித் துருவி வினவினார். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த எளிய குடும்பத்தில் பிறந்து, வட இங்கிலாந்தின் பேச்சுவழக்கு மாறாதிருந்த ஸ்டீவன்சன் தடுமாறினார்; நில அளவையின் பிழைகள் அம்பலமாயின. மசோதாவின் முகவுரை ஒரே வாக்கில் தப்பியது. ஆயினும் நிலம் எடுப்பதற்கான பிரிவு தோற்கவே, மசோதா திரும்பப் பெறப்பட்டது. வேறு பொறியாளர்களைக் கொண்டு மீண்டும் அளந்து, பாதையை மாற்றிய பின்னரே 1826இல் சட்டம் நிறைவேறியது. 1830 செப்டம்பர் 15 அன்று பாதை திறக்கப்பட்டது.

அந்த எதிர்ப்பு தன்னலத்தில் பிறந்ததுதான். எனினும் அது பிழையைக் காட்டியது, பாதையைத் திருத்தியது. எதிர்ப்புரையைக் கேட்பதன் பயன் இதுவே.

இருப்புப்பாதை அமைப்போருக்குப் பிறர் நிலத்தைக் கட்டாயமாகக் கொள்ளும் அதிகாரம் தேவை. பிரிட்டனில் அந்த அதிகாரத்தை நாடாளுமன்றம் ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனிச் சட்டத்தால் வழங்கியது. ஆதலின் மசோதாவை ஆராயும் குழு பாதி சட்டமன்றமாகவும் பாதி நீதிமன்றமாகவும் இயங்கியது. எதிர்ப்போர் விண்ணப்பம் அளித்தனர், வழக்கறிஞர் வாதிட்டனர், சாட்சிகள் குறுக்கு விசாரணைக்கு உள்ளாயினர். ஆனால் விரும்பியோர் எல்லாரும் அங்கே பேசிவிட இயலாது. ‘லோகஸ் ஸ்டாண்டி’ என்னும் தகுதி வேண்டும். இலத்தீனில் அதன் பொருள் ‘நிற்கும் இடம்’ என்பதாகும். நிலமோ வீடோ தொழிலோ நேரடியாகப் பாதிக்கப்படுவோர்க்கே பொதுவாக அந்த இடம் உண்டு. மலையை நேசிப்பவர், ஏரிக்கரையின் அமைதியை இழப்பவர் எங்கே நிற்பது?

இக்கேள்வி 1844இல் ஒரு கவிஞர் வாயிலாக எழுந்தது. கெண்டல் நகரின் அருகிலிருந்து விண்டர்மியர் ஏரியை நோக்கிப் பாதை அமைக்கும் திட்டம் வெளியானபோது வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்துக்கு வயது 74. முந்திய ஆண்டுதான் அரசவைக் கவிஞர் ஆகியிருந்தார். ஏரி நாட்டை நாட்டு மக்களின் பொதுச் செல்வமாகக் காணும் எண்ணத்தைத் தம் வழிகாட்டி நூலில் முன்னரே வெளியிட்டவர் அவர். பாதையை எதிர்த்து ஒரு சானெட் பாடி, அமைச்சர் கிளாட்ஸ்டனுக்கு அனுப்பினார். ‘மார்னிங் போஸ்ட்’ இதழுக்குக் கடிதங்கள் எழுதினார். ஆனால் அக்கடிதங்களில் ஒரு முரண் இருந்தது. தொழில் நகரங்களின் உழைப்பாளர் கூட்டமாக வந்திறங்கினால் இயற்கையழகால் பயன்பெற மாட்டார் என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. பொதுச் செல்வம் என்றவரே பொதுமக்களின் வரவை அஞ்சினார். மசோதா 1845இல் சட்டமாயிற்று. 1847இல் ரயில் ஓடியது.

கவிஞர் தோற்றார், கேள்வி தோற்கவில்லை. ஏரி நாட்டில் மேலும் பாதைகள் முன்மொழியப்பட்டபோது, பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி 1883இல் ஏரி நாட்டுப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தார். ஆம்பிள்சைடு வரை பாதையை நீட்டிக்கும் மசோதா 1887இல் குழுநிலையில் வீழ்ந்தது. 1895இல் ‘நேஷனல் டிரஸ்ட்’ அமைப்பைத் தோற்றுவித்த மூவருள் ரான்ஸ்லியும் ஒருவர். தனிமனிதரின் ஏக்கத்துக்குக் கிட்டாத இடத்தை அமைப்பாகத் திரண்டோர் தேடிக்கொண்டனர்.

லண்டனையும் பர்மிங்காமையும் இணைக்கும் ‘எச்.எஸ்.2’ அதிவேகப் பாதைக்கான மசோதாவிலும் இம்முறையே தொடர்ந்தது. மக்களவைக் குழு 2014 முதல் 2016 வரை அமர்ந்தது. வந்த விண்ணப்பங்கள் 2,500க்கும் மேல். விண்ணப்பக் கட்டணம் 20 பவுண்டு. இம்முறை வழக்கறிஞர் மட்டுமல்லர், உழவரும் ஊர்ச் சபையாரும் தாமே எழுந்து பேசினர். சில்டர்ன் குன்றுகளின் அடியில் செல்லும் சுரங்கம் மேலும் 2.6 கிலோமீட்டர் நீட்டப்பட்டது அக்குழுவின் முடிவால்தான். சட்டம் 2017 பிப்ரவரியில் நிறைவேறியது.

ஆயினும் பழைய வரம்பு ஒன்று மாறவில்லை. இரண்டாம் வாசிப்பில் அவை ஏற்ற அடிப்படைக் கொள்கையைக் குழு மறுபடி ஆராயாது. ‘என் வயலைச் சற்று விலகிச் செல்க’ எனலாம். ‘இப்பாதையே வேண்டா’ எனல் ஆகாது. பர்மிங்காமுக்கு வடக்கே க்ரூ வரையிலான பகுதிக்கும் இவ்வாறே மனுக்கள் கேட்கப்பட்டு, 2021இல் சட்டம் பிறந்தது. மனுதாரர் எவரும் அங்கே வாதிட இயலாத முடிவை, செலவைக் காரணங்காட்டி 2023 அக்டோபரில் அரசே எடுத்தது: அப்பகுதி கைவிடப்பட்டது. அதற்குள் வீட்டையும் நிலத்தையும் விற்று வெளியேறியிருந்தோர் பலர்.

இருநூறாண்டு வரலாறு உணர்த்துவது இதுதான். கேட்கும் செவி பாதையை வளைத்திருக்கிறது, சுரங்கத்தை நீட்டியிருக்கிறது. ஆனால் எவர் பேசலாம், எதைப் பேசலாம் என்னும் எல்லையைச் செவியுடையோரே வகுத்து வந்தனர். அந்த எல்லைக்கு வெளியே நின்றோர்க்கு எஞ்சியவை செய்தித்தாளும் சங்கமும் கவிதையும்தாம். அங்கிருந்து எழுந்த குரலும் உரிய காலத்தில் உள்ளே சென்றிருக்கிறது.