சாயம் போகாத சிவப்பும் எங்க மிருகப் போர்வையும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று தலைவி அக்கா கேட்டாங்க. கடன், வசூல் பற்றி எல்லோரும் எழுதுவாங்க, நான் போர்வையோட வரலாறு எழுதறேன் என்றேன். "போர்வையில என்னடி வரலாறு?" என்று சிரிச்சாங்க. இருக்கு அக்கா, நிறையவே இருக்கு.

முதல்ல எங்க கதை. இரண்டு வருஷம் முன்னால எங்க குழுவுக்குக் குழந்தைப் போர்வை ஆர்டர் வந்தது. காடாத் துணியைச் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் யானை, முயல், ஆடு, அணில் என்று ஒரு உருவத்தைச் சிவப்பு நூலால் கையிலேயே போட வேண்டும். பன்னிரண்டு கட்டம் சேர்த்தால் ஒரு போர்வையின் மேல்பக்கம். பத்துப் போர்வை கொடுத்தோம். முதல் அலசலிலேயே சிவப்பு இறங்கி, வெள்ளைத் துணியெல்லாம் ரோஸ் கலராகப் போச்சு. பத்தில் ஏழு திரும்பி வந்தது. நூல் வாங்கினது நான்தான். விலை குறைவு என்று வாங்கினேன். அந்த மாசக் கூட்டத்துல யாரும் என்னைத் திட்டலை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்புறம் பயிற்சிக்கு வந்த டீச்சர், "இந்தச் சிவப்பு நூல் வேலைக்குப் பின்னால பெரிய கதை இருக்கும்மா" என்று சொன்னாங்க. அவங்க சொன்னதும், நானாகத் தேடிப் படிச்சதும்தான் இது.

நாங்க செஞ்ச இந்த வேலை அமெரிக்காவில் 1880-களில் வீட்டுக்கு வீடு நடந்தது. அதற்கு 'ரெட்வொர்க்' என்று பேர். இதற்குத் தூண்டுகோல் லண்டனில் 1872-இல் தொடங்கிய ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க் என்ற தையல் பள்ளி. படிச்சும் பிழைக்க வழியில்லாத பெண்களுக்குக் கௌரவமான சம்பாத்தியம் வேணும் என்பதும் அதைத் தொடங்கின நோக்கத்தில் ஒன்று. நம்ம குழுக்கள் எதுக்கு வந்ததோ கிட்டத்தட்ட அதே காரணம்! அந்தப் பள்ளியின் வேலைகளை 1876-இல் அமெரிக்காவில் பிலடெல்பியா பொருட்காட்சியில் வைத்தார்கள். பார்த்த பெண்களுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. நாம காம்புத் தையல் என்று சொல்வதை அங்கே 'கென்சிங்டன் தையல்' என்றார்கள். லண்டனில் அந்தப் பள்ளி இருந்த பகுதியின் பேர் அது.

பட்டு நூல் வாங்க எல்லோருக்கும் வசதி ஏது? அதனால ஒரு சதுரக் காடாத் துணியில் படத்தின் கோட்டை மட்டும் அச்சடித்து, ஒரு பென்னிக்கு, அதாவது ஒரு சென்ட்டுக்கு விற்றார்கள். 'பென்னி ஸ்கொயர்' என்பார்கள். நாய், பூனை, கோழி, குழந்தைகள் என்று படங்கள். சின்னப் பிள்ளைகள்கூட அதில்தான் ஊசி பிடிக்கப் பழகினார்கள். கோட்டு மேலேயே தைத்துப் போனால் போதும், உள்ளே நிரப்ப வேண்டாம், நூலும் கம்மி.

ஏன் சிவப்பு? இங்கதான் நான் உட்கார்ந்து யோசிச்சேன். அந்தக் காலத்தில் பருத்தியில் பிடித்து, துவைத்தாலும் இறங்காத நிறங்கள் ரொம்பக் குறைவு. 'டர்க்கி ரெட்' என்ற சிவப்பு இறங்காது. மஞ்சிட்டி வகை வேர், எண்ணெய், படிக்காரம் எல்லாம் வைத்துப் பல நாள், பல முறை முக்கி எடுக்கும் சாயம் அது. துருக்கிப் பக்கமிருந்து 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனதால் அந்தப் பேர். அந்த வேரில் சிவப்பைத் தருவது அலிசரின் என்ற பொருள். இதே அலிசரின் நம்ம சோழமண்டலக் கடற்கரை மணலில் முளைக்கிற சாயவேரிலும் இருக்கு. இம்பூறல் என்றும் சொல்வார்கள். அதையும் படிக்காரத்தையும் வைத்துச் சாயம் ஏற்றின நம்ம ஊர்த் துணி கப்பலேறி ஐரோப்பா வரை போயிருக்கு. 1868-இல் ஜெர்மனியில் இரண்டு பேர் அலிசரினை வேர் இல்லாமலே செய்து காட்டினார்கள். வேர் தோண்டிப் பிழைச்சவங்க பிழைப்பு அதோட போச்சு. ஆனா சிவப்பு நூல் மலிவானது. அந்த மலிவில்தான் ஏழை வீட்டுப் பெண்களும் பென்னி ஸ்கொயர் தைத்தார்கள். சாயம் இறங்காத வேர் இருந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு நான் சாயம் இறங்கும் நூல் வாங்கியிருக்கேன், பாருங்க.

இனி மிருகங்களுக்கு வருவோம். 1916-இல் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ரூபி ஷார்ட் என்ற பெண், 'கான்சாஸ் சிட்டி ஸ்டார்' பத்திரிகைக்கு ஒரு போர்வை மாதிரி வரைந்து கொடுத்தார். தார்ன்டன் பர்ஜஸ் என்பவர் குழந்தைகளுக்கு எழுதின கதைகளில் வரும் முயல், நரி மாதிரியான மிருகங்கள்தான் கட்டங்கள். பத்திரிகையில் ஒவ்வொன்றாக வரவர, பெண்கள் வெட்டி எடுத்து, துணியில் பதித்துத் தைத்தார்கள். அப்போ அவருக்கு இருபத்தைந்து வயசுதான். அடுத்த வருஷம் கல்யாணமாகி ரூபி மெக்கிம் ஆனார். கல்யாணத்தோட நிறுத்தலை. கணவரோடு சேர்ந்து மாதிரிப் படங்கள் விற்கும் தொழில் நடத்தி, 1931-இல் நூற்றியொரு மாதிரிகள் கொண்ட புத்தகமும் போட்டார்.

வரைந்தவர் பேர் நிலைத்தது. தைத்தவங்க பேர்? முக்கால்வாசி தெரியாது. ஆனால் பேரையே தைத்த போர்வைகளும் உண்டு. சர்ச் பெண்கள் சங்கங்களில் ஆளுக்குக் கொஞ்சம் காசு வாங்கி, கொடுத்தவர் பேரைச் சிவப்பு நூலில் கட்டத்தில் போடுவார்கள். கடைசியில் போர்வையை ஏலம் விடுவதும் உண்டு. 1917 டிசம்பரில் 'மாடர்ன் பிரிசில்லா' என்ற பத்திரிகை, இப்படி ஒரு போர்வையால் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஆயிரம் டாலர் திரட்டலாம் என்று மாதிரியே போட்டது. கையில் காசில்லாத பெண்கள் ஊசியால் நிதி சேர்த்திருக்காங்க.

இன்னொன்றும் படித்தேன். தைத்து முடித்து, சேர்க்காமலே பெட்டியில் கிடந்த கட்டங்கள் அங்கே இன்றைக்கும் நிறையக் கிடைக்குதாம். எனக்கு ஆச்சரியமில்லை. படம் போடுவது ஆசை, சேர்ப்பதுதான் வேலை. ஆளுக்கு ஒரு இழுப்பு இழுத்துத் தைப்பதால் கட்டங்கள் ஒரே அளவில் நிற்காது. நாங்க இப்போ 10 அங்குலமாக வெட்டித் தைத்து, ஈரத் துண்டு மேல கவிழ்த்துப் போட்டு அயர்ன் பண்ணி, மிருகம் நடுவில் வருகிற மாதிரி எட்டரை அங்குலத்துக்குக் கத்தரிக்கிறோம். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் எட்டு நிற்கும். நடுவிலும் ஓரத்திலும் இரண்டு அங்குலச் சிவப்புப் பட்டி. மூணுக்கு நாலு வரிசை என்றால் 32-க்கு 42 அங்குலம், கைக்குழந்தைக்குச் சரியான அளவு. பட்டி கொடுத்தால் கட்டத்தின் சின்னக் கோணலும் தெரியாது. பழைய ரெட்வொர்க்கில் பலரும் பஞ்சே வைக்காமல், இணைப்பு மேல சிவப்பு நூலால் இறகுத் தையல் போட்டு அப்படியே விரித்துக்கொண்டார்கள். நம்ம வெயிலுக்கு அதுதான் சரி என்பது என் கருத்து. குழுவில் பாதிப் பேர் ஒத்துக்கலை.

நூல் விஷயத்தில் இப்போ தீர்மானமே எழுதிவிட்டோம். புது நூலும் பட்டித் துணியும் எந்தக் கடையில் வாங்கினாலும், ஒரு துண்டு வெட்டிச் சோப்பு போட்ட வெந்நீரில் ஊறவைத்து, வெள்ளைத் துணிக்குள் சுருட்டி ராத்திரி முழுக்க வைக்கணும். காலையில் வெள்ளையில் கறை இல்லை என்று இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தைக்கலாம். அந்த நோட்டு என்கிட்டதான் இருக்கு.

திரும்பி வந்த ஏழு போர்வையில் கறை ஏறாத கட்டங்களாகப் பிரித்ததில் பதினொன்று தேறியது. ஒன்று குறையுதே என்று மூணு மாசமாகப் பெட்டியில் வைத்திருந்தோம். போன வாரம் எங்க குழுவின் மூத்தவங்க, கண்ணாடி போட்டுக்கொண்டு புது நூலில் ஒரு அணில் போட்டுக் கொடுத்தாங்க. வால் கொஞ்சம் பெரிசு. ஆண்டு விழா அன்றைக்கு மேடைக்குப் பக்கத்தில் அந்தப் போர்வை தொங்கும். பின்பக்கம் திருப்பிப் பாருங்க, பன்னிரண்டு பேர் பேரும் சிவப்பில் இருக்கு.