கஞ்சாவும் கழிச்சல் கண்ட மாடும்

வண்டி மாட்டுக்குக் கழிச்சல் கண்டால் மற்ற பச்சிலையோடு கொஞ்சம் கஞ்சா இலையையும் அரைத்து, மூங்கில் குழாயில் ஊற்றி விடுவார்களாம். எங்க தாத்தா சொல்வார். கிழவர் கதை விடுறார்னு அப்ப நினைச்சேன். 1894-ல் வெள்ளைக்கார அரசாங்கம் வெளியிட்ட ஓர் அறிக்கையிலும் மாட்டு வைத்தியத்துக்கு இது பயன்பட்டதாக இருக்குன்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அந்த அறிக்கையின் கதையைச் சொல்லணும். கஞ்சா குடித்து இந்தியர்கள் பைத்தியமாகிறார்கள் என்று லண்டன் நாடாளுமன்றத்தில் பேச்சு கிளம்பி, 1893-ல் ஒரு விசாரணைக் குழுவைப் போட்டார்கள். உறுப்பினர்கள் ஏழு பேர், அதில் மூன்று பேர் நம்மவர்கள். ஊர் ஊராகப் போய் ஏறத்தாழ 1,200 சாட்சிகளை விசாரித்தார்கள். டாக்டர், கலெக்டர், வைத்தியர், சாமியார் யாரையும் விடவில்லை.

எனக்குப் பிடித்த இடம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை அவர்கள் கிளறிய இடம்தான். 'நோய்க்குக் காரணம்' என்ற கட்டத்தில் நிறைய பேருக்கு 'கஞ்சா' என்று எழுதியிருந்தது. யார் எழுதினது, எதை வச்சு எழுதினதுன்னு ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தால், பிடித்துக்கொண்டு வந்த போலீஸ்காரருக்குக் காரணம் தெரியாது, கட்டத்தைக் காலியாக விடவும் முடியாது, அதனால் கஞ்சா என்று போட்டு அனுப்பிய கேஸ்கள் பல. நம்ம ஊர் அடங்கல் கணக்கு தெரிஞ்சவங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தரிசாகக் கிடக்கிற வயலில் நெல் விளையும், கணக்கில்.

கடைசியில் குழு சொன்னது இதுதான். அளவு மீறினால் கெடுதல், அளவோடு இருந்தால் பெரிய தீங்கு இல்லை. முழுத்தடை தேவையில்லை. தடுத்தால் சாராயத்துக்கும் இதைவிட மோசமான சரக்குக்கும் போவார்கள். லைசென்ஸ், வரி போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும்.

இதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1839-ல், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஓ'ஷாக்னஸி என்ற ஐரிஷ் டாக்டர் நம்ம நாட்டு வைத்தியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, முதலில் மிருகங்களுக்கும் பிறகு நோயாளிகளுக்கும் இதைக் கொடுத்துப் பார்த்து எழுதி வைத்தார். முடக்குவாதம், வாந்திபேதி, வில்வாத ஜன்னி எல்லாம் அதில் வரும். வலிப்பு வந்த ஒரு பச்சைக் குழந்தைக்கும் கொடுத்தார். அவர் வழியாகத்தான் இந்த மருந்து இங்கிலாந்துக்கே போனது. நம்ம சித்த வைத்தியத்தில் கஞ்சா சேர்ந்த லேகியங்கள் அதற்கும் முந்தியவை.

பிறகு எல்லாம் மாறிப்போச்சு. 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்குச் சட்டம் கள்ளோடு கஞ்சாச் செடியையும் சேர்த்துப் பிடித்தது. 1961-ல் உலக நாடுகள் போதைப்பொருள் ஒப்பந்தம் போட்டன. இலையை மட்டும் அதில் சேர்க்காமல் நம்மவர்கள் காப்பாற்றினார்கள், அதனால்தான் வடக்கே பாங்கு இன்னமும் கடையில் விற்கிறது. அந்த ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக 1985-ல் இங்கே கடுமையான சட்டம் வந்தது. வேடிக்கையைப் பாருங்கள், அதே 1985-ல்தான் அமெரிக்கா, கஞ்சாவில் இருக்கும் போதைச் சத்தை ஆய்வுக்கூடத்தில் தயாரித்து, புற்றுநோய் மருந்தால் வரும் வாந்திக்கு மாத்திரையாக அனுமதித்தது.

அந்தச் சட்டம் எங்க வீட்டுக்குள்ளும் வந்தது. பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். 2011 சம்பா நடவு நேரம். கடைசி இரண்டு மாசம் அந்த அம்மா கத்தின கத்தல் பக்கத்துத் தெருவரை கேட்கும். மார்பின் மாத்திரை கொடுத்தா தாங்கும்னு டாக்டரே சொன்னார், ஆனா எங்க பக்கம் எங்கேயும் கிடைக்கவில்லை. அதை வாங்கி வைக்கவே பல லைசென்ஸ் வேணுமாம், எந்த ஆஸ்பத்திரி அந்தத் தலைவலியை இழுத்துப் போட்டுக்கும்? மார்பின் மருந்துன்னு சட்டமே ஒத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் 1985-க்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நாட்டில் அதன் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். பெரியம்மா அதற்குள் போயிட்டாங்க.

கஞ்சாவுக்கும் அதே கதைதான் நடக்குது. மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் விலக்கு என்று எட்டாவது பிரிவிலேயே இருக்கிறது. மாநில அரசு விதி வகுத்து அனுமதி கொடுக்கலாம் என்று பத்தாவது பிரிவு சொல்கிறது. கதவு இருக்கு, திறக்க ஆள் இல்லை. 2018-ல் அமெரிக்கா, போதை தராத கஞ்சாச் சத்தைக் குழந்தைகளின் கடுமையான வலிப்பு நோய்களுக்கு மருந்தாக ஏற்றது. ஓ'ஷாக்னஸி கல்கத்தாவில் பார்த்த அதே வலிப்புதான். 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையத்தில் கஞ்சாவை மிக ஆபத்தான பட்டியலிலிருந்து எடுக்க ஓட்டெடுப்பு நடந்தது. 27-க்கு 25. இந்தியா எடுக்கணும்னுதான் ஓட்டுப் போட்டது. அங்கே கை தூக்கியவர்கள் இங்கே என்ன செய்தார்கள்? ஜம்முவில் மத்திய அரசு ஆய்வகம் ஒன்று மருந்துக்காகப் பயிரிட்டுப் பார்க்கிறது. உத்தராகண்ட் நாருக்கும் விதைக்கும் லைசென்ஸ் கொடுக்கிறது. நம்ம பக்கம் பேச்சே இல்லை.

பேசினால் உடனே பையன்கள் கெட்டுப் போவாங்கன்னு சொல்வீங்க. கெட்டுப் போறதை நானும் பார்க்கிறேன். ஆந்திராவிலிருந்து வருகிற மூட்டை வேதாரண்யம் கடற்கரையில் பிடிபட்டது, இலங்கைக்குப் போக இருந்ததுன்னு அடிக்கடி பேப்பரில் வருது. அது தடை இருக்கும்போதே நடக்கிறது. நான் கேட்கிறது புகைக்கிற சரக்கு இல்லை, டாக்டர் எழுதிக் கொடுத்து ஆஸ்பத்திரியில் அளந்து தருகிற மருந்து. கஞ்சா புற்றுநோயையே குணப்படுத்தும்னு வாட்ஸ்அப்பில் வருவதையும் நம்பாதீங்க. வாந்தி, வலி, வலிப்பு, அவ்வளவுதான் பேச்சு.

இதைவிடக் கடுமையான அபினையே மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச விவசாயிகள் மத்திய அரசு லைசென்ஸோடு விளைவிக்கிறார்கள். நிலத்தை அளந்து, பாலை எடை போட்டு, அரசாங்கமே வாங்கிக்கொள்கிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் ஆலை ஓடுகிறது.

அப்ப நீ போடுவியா என்று என் மச்சான் கேட்டார். மாட்டேன். தண்ணீர் தேங்குகிற களிமண்ணில் அந்தச் செடியின் வேர் அழுகிப் போகும். மேட்டூர் ஜூன் 12-ல் திறப்பாங்களா என்ற கவலையே எனக்குப் போதும்.