185க்கு அப்புறம் என்ன?

இங்கிலாந்துல லெஸ்டர் பக்கம் நண்பர் ஒருத்தர் இருக்கார். வயசுல மூத்தவர், அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். ரிட்டயர் ஆனதும் வீட்டம்மா கிட்ட எப்படியோ அனுமதி வாங்கி, 1966 மாடல் ஜாகுவார் ஈ-டைப் ஒண்ணு வாங்கிட்டார். நம்மகிட்ட இருக்கிறது செல்ஃப் எடுக்காத ஒரு பழைய ஸ்கூட்டர், அவர்கிட்ட ஈ-டைப். சரி, பொறாமைப்பட்டு ஆகப்போறது ஒண்ணுமில்ல :-)

வாங்கின கார்ல டயர் எல்லாம் வெடிச்சுப் போயிருந்தது. பழைய ஓனர் கொடுத்த பேப்பர்ல '185 - 15' அப்படின்னு மட்டும் எழுதியிருக்கு. அண்ணன் பக்கத்துல ஒரு டயர் கடைக்குப் போய் "185, 15 இஞ்ச், நாலு குடுங்க"ன்னு கேட்டார். கடைக்காரர் 185/65 ஆர் 15 நாலு மாட்டிவிட்டார். குடும்பக் கார்களுக்கெல்லாம் போடுற சாதாரண சைஸ். கச்சிதமா உக்காந்துச்சு, பில்லும் கம்மி.

ரெண்டு வாரம் கழிச்சு போன். "தம்பி, வண்டி சரியில்ல. மோட்டார்வேல 70ல போனா எல்லாரும் என்னைத் தாண்டிப் போறான். இஞ்சின் கத்துது. ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டுது." இஞ்சினைப் பிரிக்கணும்னு மெக்கானிக் சொல்லிட்டாராம். அதுக்கு ஆகிற செலவைக் கேட்டா நமக்கே தலை சுத்துது.

"அண்ணே, டிக்கிக்கு அடியில ஸ்டெப்னி இருக்குமே, அதை எடுத்துப் புது டயர் பக்கத்துல நிறுத்திப் பாருங்க"ன்னேன். பார்த்தார். ஸ்டெப்னி மூணு விரல் உசரமா நின்னுச்சு. அதுலயும் 185தான் போட்டிருக்கு!

ஒரே 185, ஒரே 15. அப்புறம் எப்படி? இங்கதான் கொசுவத்தி சுத்தணும்.

1961 மார்ச், ஜெனீவா கார் கண்காட்சி. ஜாகுவார் கம்பெனி ஈ-டைப்பை அறிமுகப்படுத்துது. வந்த கூட்டத்துக்கு ஒரு கார் பத்தல. இன்னொண்ணைக் கொண்டு வான்னு சொல்ல, டெஸ்ட் டிரைவர் நார்மன் டூயிஸ் கோவென்ட்ரியிலிருந்து ராத்திரியோட ராத்திரியா ஓட்டிக்கிட்டு வந்து சேர்ந்த கதை ரொம்பப் பிரபலம். விளம்பரத்துல பேசப்பட்ட வேகம் மணிக்கு 150 மைல், அதாவது சுமார் 240 கி.மீ. ஆட்டோகார் பத்திரிகை சோதிச்சுப் பார்த்து 150.4 மைல்னு எழுதுச்சு. ஆனா அந்த சோதனைக் கார்ல இருந்தது டன்லப் ஆர்5 ரேஸ் டயர். கடையில வாங்கின கார்ல டன்லப் ஆர்.எஸ்.5, சைஸ் 6.40-15. அதுல சாதாரண ஜனம் யாரும் 150ஐத் தொட்ட மாதிரி தெரியல. டயரை மாத்தினா கார் மாறும்னு ஜாகுவாருக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கு பாருங்க.

இந்த 6.40-15 கணக்கு நமக்குப் புதுசில்ல. அம்பாசடர் டயர்ல 5.90-15னு பார்த்திருப்பீங்க. லாரியில 10.00-20. எல்லாம் ஒரே குடும்பம். முதல் எண் டயரோட அகலம் இஞ்ச்ல, ரெண்டாவது ரிம்மோட விட்டம் இஞ்ச்ல. உசரத்தைப் பத்திப் பேச்சே இல்ல. அந்தக் காலத்து டயர் எல்லாம் அகலத்துக்குக் கிட்டத்தட்ட சமமான உசரத்தோட குண்டுகுண்டா இருக்கும், அதனால தனியா எழுத வேண்டிய அவசியமும் இல்ல.

இதெல்லாம் கிராஸ் பிளை டயர். நம்ம ஊர்ல நைலான் டயர்னு சொல்ற வகை. உள்ளே இருக்கிற நூல் அடுக்குகள் கட்டில் நாடா மாதிரி ஒண்ணுக்கொண்ணு குறுக்கா, சாய்வா ஓடும். பக்கச் சுவரும் ரோட்டைத் தொடுற பகுதியும் ஒரே துணி. வளைவுல சுவர் வளைஞ்சா, தரையில இருக்கிற பகுதியும் சேர்ந்து சுளிக்கும்.

மிஷெலின் கம்பெனிக்காரங்க 1946ல காப்புரிமை வாங்கி, 1949ல கடைக்குக் கொண்டுவந்த எக்ஸ் டயர் இந்தக் கட்டுமானத்தையே மாத்திருச்சு. நூல் எல்லாம் இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கத்துக்கு நேரா ஓடும், அதுக்கு மேல ஸ்டீல் பெல்ட் ஒண்ணு சுத்தி இருக்கும். சுவர் தனியா வளையலாம், ரோட்டைத் தொடுற பகுதி பெல்ட்டால தட்டையா நிக்கும். இதுதான் ரேடியல். பிடிப்பு அதிகம், தேய்மானம் கம்மி. இத்தாலிக்காரங்க பிரெல்லி தங்களோட பாணியில சிந்துராட்டோன்னு ஒண்ணைக் கொண்டுவந்தாங்க. இங்கிலாந்துல டன்லப் எஸ்.பி.41 வந்துச்சு.

1960களோட நடுவுல ஈ-டைப்புக்கு ரேடியல் வந்தப்போ சைஸ் 185-15 ஆச்சு. அகலம் மில்லி மீட்டர்ல, ரிம் பழையபடி இஞ்ச்ல. ஒரே டயர்ல ரெண்டு நாட்டு அளவுகோல்! முழம் பாதி, மீட்டர் பாதின்னு துணி வாங்குற மாதிரி. இந்தக் கூத்து இன்னிக்கு வரைக்கும் தொடருது, உங்க வீட்டு காரைப் போய்ப் பாருங்க.

இப்பவும் உசரம் எழுதல, கவனிச்சீங்களா? ஏன்னா ஆரம்பகால ரேடியல் எல்லாத்துக்குமே உசரம் அகலத்துல சுமார் 80 சதவீதம்தான். 'வெறும் 185'ன்னா அது 185/80ன்னு ஊருக்கே தெரியும், எழுதுவானேன்? 60களோட கடைசியில 70 சதவீத டயர் வந்தப்பதான் பின்னாடி ஒரு கோடு போட்டு எண் எழுதுற பழக்கம் பரவுச்சு. எழுதாம விட்டதை அடுத்த தலைமுறை மறந்துருச்சு. அண்ணன் போன கடையில கவுண்ட்டர்ல இருந்த பையன் பொறந்ததே 2000க்கு அப்புறமா இருக்கும், அவனை என்ன சொல்ல?

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 15 இஞ்ச் ரிம் 381 மி.மீ. 185ல 80 சதவீதம் 148, மேலயும் கீழயும் சேர்த்து 296. மொத்த உசரம் 677 மி.மீ. அண்ணன் மாட்டினது 65 சதவீதம், அதாவது 120.25, ரெண்டு பக்கமும் 240.5, மொத்தம் 621.5. வித்தியாசம் 55 மி.மீ.க்கு மேல. அதுதான் அந்த மூணு விரல்.

டயர் சின்னதானா அதே தூரத்துக்கு அதிக தடவை சுத்தணும். முன்னாடி 3000 சுத்துல போன வேகத்துக்கு இப்ப இஞ்சின் கிட்டத்தட்ட 3270 சுத்தணும். கத்தாம என்ன செய்யும்? ஸ்பீடோமீட்டருக்கு டயர் மாறினது தெரியாது, அது கியர் பாக்ஸ் சுத்துறதை வெச்சு 70ன்னு காட்டும். நிஜத்துல போறது 64 சொச்சம். வண்டியோட வயிறு 28 மி.மீ. கீழ இறங்கிருச்சு, அதான் தட்டுது. இஞ்சின்மேல ஒரு தப்பும் இல்ல.

இதைவிடப் பெரிய விஷயம் கடைசி எழுத்து. புது டயர்ல 'டி'ன்னு இருந்துச்சு, அதிகபட்சம் 190 கி.மீ. எச்னா 210. அந்தக் காலத்து 'வி.ஆர்'னா 210க்கு மேல. அண்ணன் 240ல எல்லாம் போகப்போறதில்ல, அண்ணி விடமாட்டாங்க. ஆனா நாளைக்கு இந்தக் காரை வாங்குறவன் போவானே.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணனுக்கு வேகம் வந்துருச்சு. "அப்ப 205/70 போட்டுரட்டுமா? வி12 மாடல்ல அதுதானாம், பார்க்கவும் கம்பீரமா இருக்கும்."

அதுவும் ஒரு கதை. 1971ல ஈ-டைப் மூணாவது சீரீஸ் 5.3 லிட்டர் வி12 இஞ்சினோட வந்துச்சு. டயர் சைஸ் 'ஈ70 வி.ஆர் 15'. இந்த ஈ கார் பேர்ல வர்ற ஈ இல்ல! அமெரிக்காக்காரங்க எழுத்து முறையில ஈ-ன்னா எவ்வளவு பாரம் தாங்கும்ங்கிற வகுப்பு. 70 உசர சதவீதம். அகலம் எங்கேன்னு கேட்டா, இல்லவே இல்ல! முதல் முறையில உசரத்தை விட்டாங்க, மூணாவது முறையில அகலத்தை விட்டாங்க. பத்து வருஷத்துல ஒரே காருக்கு மூணு மொழியில டயர் பேர். இந்த ஈ70க்கு இன்னிக்கு மாத்தா போடுறது 205/70 ஆர் 15.

அதோட உசரம் 668 மி.மீ., 677க்குப் பக்கத்துலதான். நிறைய பேர் முதல் சீரீஸ்லயும் இதைப் போடுறாங்க, தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா வி12 காருக்கு ஜாகுவார் 6 இஞ்ச் ரிம் கொடுத்து, சக்கரத்துக்கு மேல இருக்கிற தகட்டை அகலமாக்கி, பவர் ஸ்டீயரிங்கும் சேர்த்துதான் அந்த டயரைப் போட்டாங்க. 1966 காருக்கு ரிம் 5 இஞ்ச், ஸ்டீயரிங்குக்கு உதவி நம்ம தோள்தான். அகல டயர் போட்டுட்டு பார்க்கிங்ல திருப்பினா அண்ணனுக்கு அன்னிக்கு ராத்திரி தைலம் தேவைப்படும். என் ஓட்டு ஒல்லி டயருக்குத்தான். வண்டியை வடிவமைச்சவங்க ஒல்லி டயரை மனசுல வெச்சுத்தான் சஸ்பென்ஷன் போட்டிருக்காங்க.

அப்ப ஒரிஜினல் 6.40 கிராஸ் பிளையே போட்டா என்ன? போடலாம். மெதுவா வழுக்கும், முன்னாடியே சொல்லிட்டு வழுக்கும், அதுல ஒரு சுகம் இருக்குன்னு சொல்றவங்க உண்டு. மழை ஊர்ல எனக்கு அந்த தைரியம் இல்ல. ரெண்டையும் கலந்து மட்டும் போடவே கூடாது. அதுலயும் முன்னாடி ரேடியல், பின்னாடி கிராஸ் பிளைன்னா ரொம்ப ஆபத்து. முன் சக்கரம் பிடிச்சு நிக்க, பின் பக்கம் முதல்ல கை விட்டுரும், வண்டி பம்பரம்தான்.

"ஸ்டெப்னியில இருக்கிறதையாவது வெச்சுக்கலாமா? பட்டன் எல்லாம் புதுசா இருக்கு"ன்னார். பக்கவாட்டுல டாட் எழுத்துக்குப் பின்னாடி கடைசியில எத்தனை எண்ணுன்னு பார்க்கச் சொன்னேன். மூணு. 2000லேர்ந்துதான் நாலு எண், ரெண்டு வாரத்துக்கு, ரெண்டு வருஷத்துக்கு. மூணு எண்ணா இருந்தா போன நூற்றாண்டு சரக்கு. தேயாம இருக்கலாம், ரப்பர் செத்துப்போயிருக்கும். பழைய காருங்க ஓடுறதே கம்மி, அதனால டயர் தேய்ஞ்சு சாகாது, வயசாகித்தான் சாகும்.

கடைசியில பிரெல்லி பழைய பட்டன் டிசைன்லயே இன்னும் தயாரிக்கிற 185 வி.ஆர் 15 அஞ்சு ஆர்டர் பண்ணினார். ஸ்போக் வீல்ங்கிறதால ட்யூபும் அஞ்சு. விலை முன்னாடி வாங்கினதைப் போலப் பல மடங்கு, அண்ணிக்கு இன்னும் சரியான தொகை தெரியாது.

மாட்டி ஒரு ரவுண்டு போயிட்டு வந்து போன் பண்ணினார். 70ல இஞ்சின் சத்தமே கேக்கலையாம். மெக்கானிக் கிட்ட என்ன சொன்னீங்கன்னு கேட்டேன். "ஒண்ணும் சொல்லல தம்பி, அவன் கிட்டத்தான் அந்தப் பழைய நாலு டயரையும் விக்கலாம்னு இருக்கேன்"ங்கிறார்.