கோட்டுக்குக் கீழே: பணச்சலவை விசாரணையும் இயந்திரத்தின் தீர்ப்பும்

பணச்சலவைத் தடுப்பு மென்பொருள்களைப் பற்றி எழுதுவோரில் பெரும்பாலோர், விசாரணையின் எந்தெந்தப் படிகளை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம் என்னும் கேள்வியோடு தொடங்கி, அதனால் மிச்சமாகும் நேரத்தைக் கணக்கிட்டுக் காட்டுவதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். எந்தப் பரிவர்த்தனை விசாரணைக்கே வராமல் போகிறது, அவ்வாறு போகலாமென்று தீர்மானித்தவர் யார் என்பவையே முதற்கண் கேட்கத்தக்கவை என்பது என் அபிப்பிராயம். மினியாபொலிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட யு.எஸ். பாங்க் விஷயமாக அமெரிக்க அரசாங்கம் 2018 பிப்ரவரியில் வெளியிட்ட ஆவணங்கள் இதற்குப் போதிய ஆதாரம் தருகின்றன.

பணச்சலவை விசாரணையின் நடைமுறை எளியது. மென்பொருள் பரிவர்த்தனைகளை விதிகளோடு ஒப்பிட்டு, வரம்பைத் தாண்டியவற்றை எச்சரிக்கைகளாக எழுப்பும். விசாரணையாளர் கணக்குதாரரின் தொழில், முந்தைய கோப்புகள், பணம் வந்த வழி, போன வழி யாவற்றையும் திரட்டிப் பார்த்து, காரணம் எழுதிக் கோப்பை மூடுவார், அல்லது சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை எழுதுவார். சங்கதி தெரியவந்த 30 நாட்களுக்குள், சந்தேக நபர் இன்னாரென்று தெரியாவிடில் 60 நாட்களுக்குள், அந்த அறிக்கை ஃபின்சென் என்னும் அமெரிக்க அரசாங்கப் பிரிவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

யு.எஸ். பாங்கிலோ, எத்தனை எச்சரிக்கைகள் எழலாம் என்பதை ஆபத்தின் தன்மையைக் கொண்டு நிர்ணயிக்காமல், அவற்றைப் பார்க்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் கொண்டு நிர்ணயித்திருந்தார்கள். வரம்புக்குக் கீழே விடுபட்டவற்றிலும் சிலவற்றை எடுத்துச் சோதிக்கும் நல்ல வழக்கம் அங்கு இருந்ததென்பது உண்மையே. ஆனால், அவ்வாறு சோதித்தவற்றில் 30 முதல் 80 சதவீதம் வரை அறிக்கைக்கு உரியவை என்று 2011 நவம்பரில் அங்குள்ள ஊழியர்களே கண்டறிந்தபின், வரம்பைத் தாழ்த்துவதற்குப் பதிலாகச் சோதனையையே நிறுத்திவிட்டார்கள். பிற்பாடு நடந்த மறுபரிசீலனையில் 24,179 புதிய எச்சரிக்கைகளும், அவற்றிலிருந்து 2,121 அறிக்கைகளும் பிறந்தன.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஏறத்தாழப் பதினொன்றுக்கு ஒன்றே தேறியது என்றால், மற்றப் பத்துக்கும் செலவான உழைப்பைக் குறைக்கும் உபாயத்தை யாரும் குறைகூற முடியாது. ஆவணங்களைத் திரட்டுதல், ஒரே நபரைப் பற்றிய எச்சரிக்கைகளை ஒரு கோப்பில் இணைத்தல், பணம் நகர்ந்த வரிசையைத் தேதிவாரியாக அமைத்தல், அறிக்கையின் முதல் வரைவை எழுதுதல் ஆகியவற்றைக் கணிப்பொறி செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாலை நேரத்தில் களைத்துப்போன மனிதர் மூடும் கோப்பைவிட இயந்திரம் மூடும் கோப்பில் ஒழுங்கு மிகுதி என்று சொல்வாரையும் மறுக்கமாட்டேன். ஆனால், மனிதர் மூடிய கோப்பில் அவருடைய பெயரும் காரணமும் இருப்பதால் நாளை ஒரு தணிக்கையாளர் அதைப் புரட்டிப் பார்க்கலாம்; எழாத எச்சரிக்கைக்கோ கோப்பே கிடையாது. கோப்பை மூடும் அதிகாரத்தையும் இயந்திரத்துக்குக் கொடுக்கிறபோது, ஒவ்வொரு மூடலுக்கும் விதி, காரணம், அன்றைய வரம்பு ஆகியவை எழுதிவைக்கப்படாவிட்டால், கண்ணில் படாத அந்தப் பிரதேசம் மேலும் விரிந்துகொண்டே போகும். அது எவ்வளவு தூரம் விரியும் என்பதற்கு அமெரிக்காவில் இயங்கும் டி.டி. பாங்க் சாட்சி: 2018 ஜனவரி முதல் 2024 ஏப்ரல் வரை அதன் பரிவர்த்தனைத் தொகையில் 92 சதவீதம், அதாவது சுமார் 18.3 லட்சம் கோடி டாலர், இயந்திரக் கண்காணிப்புக்கு வெளியிலேயே ஓடியிருக்கிறது.

ஆகவே, விடுபட்டவற்றைச் சோதிக்கும் வேலை, எச்சரிக்கைகளைக் குறைத்தால் தன் செலவும் குறையும் என்ற நிலையிலுள்ள இலாகாவிடம் இருக்கலாகாது. உள்தணிக்கைப் பிரிவே மாதிரிகளைத் தெரிந்தெடுத்து, முடிவை நேரே இயக்குநர் சபைக்கு அனுப்ப வேண்டும். சிறிய பாங்குகளுக்கு இது பாரமாகுமென்பது மெய்தான். அவை மாதிரிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாமே தவிர, தெரிந்தெடுக்கும் உரிமையை அந்த இலாகாவுக்கே திருப்பிக் கொடுக்கலாகாது. யு.எஸ். பாங்கின் முன்னாள் உயர் அதிகாரி ஒருவருக்கு 2020இல் 4,50,000 டாலர் அபராதம் விதித்த ஃபின்சென், எச்சரிக்கைகளுக்கு உச்சவரம்பு வைத்திருப்பதன் அபாயத்தை அவருக்குக் கீழிருந்தவர்கள் முன்னமே எடுத்துச் சொல்லியிருந்ததையும் அவர்மீது சாட்டிய குற்றங்களோடு சேர்த்தே எழுதியிருந்தது.