தோட்டத்துப் புழுங்கல் அரிசி சொல்லும் பாடம்

இந்த வார மன்றத்தின் தலைப்பு 'சாப்பாட்டைக் கண்டால் பயம்'. சோறு தின்றால் சர்க்கரை வருமாம், மீனில் மருந்தாம், கீரையில் பூச்சிக்கொல்லியாம், பிறகு எதைத்தான் சாப்பிடுவது என்ற புலம்பல் இன்று பல வீடுகளில் கேட்கிறது. ஒவ்வொன்றாக ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் இரண்டு மூன்று பதார்த்தங்களை மட்டுமே வைத்துக் காலம் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பயத்தைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு வரலாறு நமது நெகிரி செம்பிலானிலேயே நடந்திருக்கிறது. அதில் தோட்டப்புறத் தமிழர்களுக்கும் பங்குண்டு.

சோற்றுக்குள் விஷமா?

நூறாண்டுகளுக்கு முன் மலாயாவை ஆட்டிப் படைத்த நோய்களில் ஒன்று பெரிபெரி. முதலில் கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும். சிலருக்கு உடல் வீங்கி, இருதயம் பலவீனமாகி உயிர் போகும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இதற்குப் பலியானார்கள். இது கிருமியால் வருகிறது என்றார்கள் சில மருத்துவர்கள். மண்ணிலிருந்தும் வீட்டிலிருந்தும் தொற்றுகிறது என்றார்கள் வேறு சிலர்.

அப்போது சிரம்பானில் அரசாங்க மருத்துவராக இருந்தவர் லெனர்ட் பிராடன். அவர் கவனித்த ஒரு விஷயம் நமக்கு முக்கியமானது. சீனர்களுக்கு வரும் இந்த நோய், பக்கத்திலேயே வாழும் தமிழர்களுக்கு ஏன் வருவதில்லை? சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் நன்றாகத் தீட்டிய சயாம் வெள்ளை அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. சொந்த வயல் நெல்லை வீட்டிலேயே குத்திச் சமைத்த மலாய்க்காரர்களுக்கும் நோய் அதிகமில்லை.

வெள்ளை அரிசியைச் சேமித்து வைக்கும்போது அதில் ஏதோ விஷம் உண்டாகிறது என்று பிராடன் முடிவு கட்டினார். 1907இல் அதைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். அரிசிதான் காரணம் என்றது சரி. விஷம் என்றதுதான் தவறு.

ஜெலுபு காட்டில் ஒரு சோதனை

கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் 1905ஆம் ஆண்டின் இறுதியில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளிகளில் ஒரு பாதிக்கு வெள்ளை அரிசி, மறு பாதிக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி தின்றவர்களிடையே பெரிபெரி பரவி 18 பேர் இறந்தார்கள். இருப்பிடத்தை மாற்றிப் பார்த்தபோதும் நோய் அரிசியைத்தான் பின்தொடர்ந்தது.

1907இல் ஹென்றி பிரேசர், தாமஸ் ஸ்டாண்டன் என்ற இரு ஆய்வாளர்கள் நெகிரி செம்பிலானின் ஜெலுபு மாவட்டத்தில், டுரியான் திப்புஸ் என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே காட்டுக்குள் சாலை போட வந்த ஏறக்குறைய 300 ஜாவானியத் தொழிலாளர்களைப் பிரித்து, சிலருக்கு வெள்ளை அரிசியும் சிலருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார்கள். மனிதர் குடியிருக்காத காடு என்பதால் பழைய வீட்டையோ மண்ணையோ குறை சொல்ல வழியில்லை. சுமார் மூன்று மாதத்தில் வெள்ளை அரிசிக்காரர்களுக்கு நோய் கண்டது. அரிசியை மாற்றியதும் புதிதாக நோய் வருவது நின்றது. இன்றைய மருத்துவ நெறிமுறைப்படி இப்படி ஒரு சோதனைக்கு அனுமதியே கிடைக்காது. அந்தத் தொழிலாளர்களின் உடம்பில்தான் உலகம் இந்தப் பாடத்தைப் படித்தது.

தொடர்ந்து கோழிகளை வைத்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. வெள்ளை அரிசியோடு தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் வரவில்லை. ஆக, சோற்றில் விஷம் எதுவும் சேரவில்லை. சோற்றிலிருந்து ஏதோ ஒன்று போய்விட்டிருந்தது. அந்த ஒன்றுதான் பிற்காலத்தில் வைட்டமின் பி1 என்று பெயர் பெற்றது. இதே திசையில் ஜாவாவில் கோழிகளை வைத்து முன்னோடியாக ஆராய்ந்த டச்சு மருத்துவர் ஐக்மான் 1929இல் நோபல் பரிசு பெற்றார்.

பாட்டி அறிந்த கைப்பக்குவம்

நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, காயவைத்துக் குத்துவதுதான் புழுங்கல் அரிசி. அவிக்கும்போது மேல் தோலிலுள்ள சத்து உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுதாகப் போவதில்லை. நம் முன்னோர்களுக்கு வைட்டமின் கணக்குத் தெரியாது. ஊரில் பழகிய அரிசியைக் கடல் கடந்தும் விடாமல் உண்டார்கள், அது அவர்களைக் காத்தது. அதற்காகத் தோட்டத்தில் எல்லாரும் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் லயங்களில் ஏராளமானோரைக் கொண்டு போயின.

அந்தப் பாதுகாப்பும் நிலைக்கவில்லை. 1942இல் ஜப்பானியர் ஆட்சி வந்ததும் அரிசி இறக்குமதி முடங்கியது. தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கே சாப்பாடானது. சயாம்-பர்மா மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் காலராவாலும் பட்டினியாலும் பெரிபெரியாலும் மடிந்தார்கள்.

இன்றைக்கு என்ன செய்யலாம்?

பயம் எப்போதும் தட்டில் இருப்பதையே பார்க்கிறது. தட்டில் இல்லாதது அதன் கண்ணில் படுவதில்லை. பிராடன் போன்ற தேர்ந்த மருத்துவரே விஷத்தைத் தேடினார், குறையைத் தவறவிட்டார். பயத்தில் நாம் ஒவ்வொன்றாக ஒதுக்கும்போதும் அதுதான் நடக்கிறது. உணவு சுருங்கச் சுருங்க உடம்பில் சத்து குறைகிறது. மிகக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி1 குறைபாடு இன்றும் வருகிறது.

விக்கிவிடுமோ, வாந்தி வருமோ என்று அஞ்சி உணவை ஒதுக்குவதை மருத்துவ உலகம் 2013இல் தனி நோயாகவே வகைப்படுத்தியது. அதைப் பிடிவாதம், திமிர் என்று திட்டினால் பயம் கூடுமே தவிரக் குறையாது. எடை இறங்கினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். மற்றபடி மருத்துவர், உணவியல் நிபுணர் துணையோடு ஒரு நேரத்துக்கு ஒரு புதிய உணவு, அதுவும் ஒரு வாய் அளவு என்று தட்டை மெல்ல விரிவாக்குங்கள். சர்க்கரை நோயாளிகள் சோற்றின் அளவை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம். பக்கத்து வீட்டார் பேச்சைக் கேட்டு எதையும் அடியோடு நிறுத்த வேண்டாம்.

அடுத்த முறை ஓர் உணவை ஒதுக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள், நேயர்களே. இதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைக்கப் போகிறேன்? பதில் கிடைக்கும்வரை அந்தத் தட்டு அப்படியே இருக்கட்டும்.