ஊசியும் மூங்கில் வாளும்: ‘ஓட்டோமென்’ பள்ளி நாடகத்தில் பாலினத் தலைகீழாக்கமும் அதன் கல்வி வரலாற்றுப் பின்புலமும்

ஜப்பானியச் சித்திரக்கதை ஆசிரியர் கன்னோ ஆயா 2006ஆம் ஆண்டு முதல் எழுதிவந்த ‘ஓட்டோமென்’ தொடர், 2009இல் ஃபுஜி தொலைக்காட்சியில் பள்ளி நாடகமாக ஒளிபரப்பாயிற்று. ‘ஓட்டோமே’ என்பது இளங்கன்னியைக் குறிக்கும் ஜப்பானியச் சொல். அதனோடு ஆடவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒட்டியமைத்ததே இத்தலைப்பு. மேனிலைப்பள்ளி மாணவன் மசமுனே அசுகா, கெண்டோ எனும் வாட்போர்க் குழுவின் தலைவன். ஆயினும் தையலிலும் சமையலிலும் பெண்களுக்கான காதற் சித்திரக்கதைகளிலும் மறைவாக ஈடுபாடு கொண்டவன். அவன் காதலிக்கும் மியாகோசுகா ரியோ தற்காப்புக் கலையில் வல்லவள். ஊசியும் அடுப்பும் அவளுக்கு வசப்படுவதில்லை.

இவ்விணையை நகைச்சுவை உத்தி என்று கொள்வது எளிது. ஆனால் ஊசிக்கு எதிரே வாள் நிறுத்தப்பட்டமை தற்செயலன்று. ஜப்பானியப் பாடத்திட்டமே மாணவரை நெடுங்காலம் இவ்வாறு பிரித்து வைத்திருந்தது. 1958ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் நடுநிலைப்பள்ளியில் ஆண்களுக்குத் தொழில்நுட்பத்தையும் பெண்களுக்கு மனையியலையும் வகுத்தது. 1973 முதல் மேனிலைப்பள்ளிகளில் மனையியல் பெண்களுக்கு மட்டும் கட்டாயப் பாடமாயிற்று. உடற்கல்வியிலோ தற்காப்புக் கலை ஆண்களுக்கும் நடனம் பெண்களுக்கும் உரியனவாகக் கொள்ளப்பட்டன. இருபாலரும் மனையியல் பயிலவேண்டும் எனக் கோரும் இயக்கம் 1974இல் தோன்றியது; பெண் வாக்குரிமைப் போராளி இச்சிகாவா ஃபுசாயே அதில் பங்கேற்றார். பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை ஜப்பான் 1985இல் ஏற்புறுதி செய்தது. ஒரே பாடத்திட்டம் என்பது அவ்வுடன்படிக்கையின் நிபந்தனைகளுள் ஒன்று. ஆகவே 1989இல் பாடத்திட்டம் திருத்தப்பட்டு, மனையியல் 1993இல் நடுநிலைப்பள்ளியிலும் 1994இல் மேனிலைப்பள்ளியிலும் இருபாலர்க்கும் பொதுவாயிற்று.

2006இல் மேனிலைப்பள்ளியில் பயிலும் அசுகாவை, ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் தைக்கவும் சமைக்கவும் கற்ற தலைமுறையினன் எனக் கொள்ளலாம். பின் அவன் மறைத்து வாழ்வது ஏன்? தடை தாயிடமிருந்து வருகிறது. பெண்ணாக வாழ விரும்பிய கணவர் வீட்டைவிட்டு நீங்கியபின், மகனை ‘முழு ஆணாக’ வளர்க்க அவள் உறுதிகொள்கிறாள். பிரிக்கப்பட்ட வகுப்பறையில் பயின்ற தலைமுறையின் குரலாக அவளைக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கதை இதனை வெளிப்படையாகச் சொல்லவில்லை.

ஆடவர் வேடமேற்ற பெண் இவ்வகைக் கதைகளுக்குப் புதியவளல்லள். தெசுகா ஒசாமு 1953இல் தொடங்கிய ‘ரிபோன் நோ கிஷி’, இகேதா ரியோகோ 1972இல் தொடங்கிய ‘வெர்சாய் நோ பாரா’ ஆகியன அம்மரபின. ஓட்டோமெனில் உடை மாறுவதில்லை. மறைக்கப்படுவது கைத்திறனும் விருப்பமுமே.

ஆய்வாளர் கூர்ந்து நோக்கவேண்டியது தச்சிபனா ஜூதா என்னும் பாத்திரத்தை. மாணவனாகிய அவன், பெண்பெயர் ஒன்றில் மறைந்து காதற் சித்திரக்கதை எழுதுகிறான். அசுகாவையும் ரியோவையுமே மாதிரியாகக் கொள்கிறான். ஆனால் அசுகாவின் மென்மையைக் கதைநாயகிக்கும் ரியோவின் வீரத்தை நாயகனுக்கும் அளித்துவிடுகிறான். தலைகீழானது அச்சுக்கு வரும்போது மீண்டும் நேராகிவிடுகிறது. அக்கதையை விரும்பிப் படிப்பவனும் அசுகாவே. தன் வாழ்வையே பால் மாற்றிப் படிக்கிறான் என்பதை அவன் அறியான்! வணிக இதழின் வடிவம் எதனைத் தாங்கும், எதனைத் தாங்காது என்பதை ஆசிரியர் கதைக்குள்ளேயே வைத்துக் காட்டிவிட்டார்.

எனினும் இந்நாடகத்தின் தலைகீழாக்கம் சமனானதன்று. ரியோ தன் வலிமையை மறைக்கவேண்டிய நெருக்கடிக்கு ஆளாவதில்லை; அசுகா தன் தையற்பெட்டியை மறைத்தாகவேண்டும். மேலும், அவனது மென்மையைப் பிறர் பொறுத்துக்கொள்வது அவன் வாட்போரில் முதல்வன் என்பதனாலன்றோ? களத்தில் தோற்கும், தையலை விரும்பும் ஒரு சிறுவனுக்கு இக்கதையில் நாயகன் இடம் கிட்டியிருக்குமா என்பது ஐயத்திற்குரியது. 2012இல் தற்காப்புக் கலை நடுநிலைப்பள்ளி மாணவியர்க்கும் கட்டாயமாயிற்று. ரியோவின் திறன் அவ்வாண்டு பாடத்திட்டத்தில் ஏறியது. அசுகாவின் ஊசியோ அதற்குப் பதினெட்டு ஆண்டுகட்கு முன்பே மேனிலைப்பள்ளிப் பாடத்தில் இருந்தது. இருந்தும் கதையில் ஒளிந்திருப்பவன் அவனே.