பட்டாம்பூச்சி சொல்லும் வரலாறு

மன்னர்களுக்கும் கோயில்களுக்கும் வரலாறு எழுதும் மலரில் பட்டாம்பூச்சிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். சின்ன வயசிலிருந்தே எனக்கு அதன்மேல் தீராத ஆசை. அந்த ஆசையில் தேடிப் படித்தபோது, ஊர் விட்டு ஊர் வந்த நமக்கும் அதில் சேதி இருப்பது தெரிந்தது.

பழங்கால கிரேக்கர்களிடம் 'ப்சைக்கே' என்ற ஒரே சொல் உயிரையும் குறித்தது, பட்டாம்பூச்சியையும் குறித்தது. கூட்டை உடைத்துக்கொண்டு அது பறப்பதைப் பார்த்தவர்களுக்கு, உடலை விட்டு உயிர் கிளம்புவதுபோல் தோன்றியிருக்க வேண்டும். நம்ம மராட்டிய நண்பர்கள் 'ஃபுல்பாக்ரு' என்கிறார்கள். பூப்பறவை என்று பொருள். நாம் பூச்சி என்றதை அவர்கள் பறவையாக்கிவிட்டார்கள்!

அறிவியல் பெயர்களின் கதை வேறு. ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758இல் பெரிய பட்டாம்பூச்சிகள் பலவற்றுக்கு ட்ராய் போரின் வீரர் பெயர்களைச் சூட்டினார். கறுப்பு இறகும் சிவப்பு உடலுமாக நம்மூரில் பறக்கும் 'க்ரிம்சன் ரோஸ்' அப்படித்தான் 'ஹெக்டர்' ஆனது. அவருடைய மாணவர் கோனிக், 1768இல் டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். அவர் சேகரித்த செடிகளும் பூச்சிகளும் கப்பலேறி ஐரோப்பா போயின. லின்னேயஸின் இன்னொரு மாணவர் ஃபேப்ரீஷியஸ், தென்னிந்தியப் பூச்சிகள் பலவற்றுக்குப் பெயர் வைத்தார். அவர் 1787இல் பெயரிட்டவற்றுள் ஒன்று, ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு ஓரமிட்ட 'தமிழ் யோமன்'. 'தமிழ் மறவன்' என்ற பெயரில் 2019இல் அதுவே தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சி ஆனது.

இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தது மகாராஷ்டிரம். 2015இல், இந்தியாவிலேயே முதலாவதாக, 'ப்ளூ மார்மன்' என்பதை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. கறுப்பு வெல்வெட்டில் நீலம் தெளித்தாற்போல் இருக்கும். அது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும்கூடப் பறக்கிறது. தமிழ் மறவனுக்கு வீடு மேற்குத் தொடர்ச்சி மலை. சாங்வியை ஒட்டி ஓடும் பவனா நதி பிறக்கும் சஹ்யாத்ரியும் அதே மலைதான். அரசாங்கம் கோடு போட்டாலும் மலை ஒன்றுதானே!

இனி நம் வீட்டுக்கு வருவோம். பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலை வளர்ப்பவர்கள் கவனித்திருப்பீர்கள். இலைமேல் பறவை எச்சம்போல் ஒன்று ஒட்டியிருக்கும். சில நாளில் பச்சைப் புழுவாகும். பல சமயம் அது 'காமன் மார்மன்' பட்டாம்பூச்சியின் குஞ்சு. பசங்க "ஐயே, புழு!" என்பார்கள், நாமும் கிள்ளி எறிந்துவிடுகிறோம். தாய்ப்பூச்சி கறிவேப்பிலையைத் தின்பதில்லை, அதற்குத் தேன் போதும். ஆனாலும் பிள்ளைக்கு எந்த இலை வேண்டும் என்பது அதற்குத் தெரியும். இலை இலையாக உட்கார்ந்து, முன்னங்காலால் தொட்டுச் சுவை பார்த்து, சரியான செடியில்தான் முட்டை இடுகிறது. பிள்ளையை அது பார்க்கப்போவதே இல்லை.

தென்னிந்தியாவில் 'ப்ளூ டைகர்' போன்ற சில இனங்கள், தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்கு மலையிலிருந்து கிழக்கே கூட்டம் கூட்டமாகப் போகின்றன. பின்னர் மேற்கே திரும்புகிறவை பெரும்பாலும் அடுத்த தலைமுறை. மலையைப் பார்க்காமலே வளர்ந்தவை அவை. ஆனாலும் வழி தெரிந்து போகின்றன.

பட்டாம்பூச்சியை மாற்றத்தின் சின்னம் என்பார்கள். எனக்கு அது பிள்ளைக்கு இலை தேடும் தாயின் சின்னம். பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பேசும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டில் மட்டும்தான் கிடைக்கும் இலை. அவர்கள் எங்கே பறந்தாலும் பறக்கட்டும். இலையை வைக்க வேண்டியது நம் பொறுப்பு. கூடவே, தொட்டியிலும் நாலு கொத்து கறிவேப்பிலையைப் புழுவுக்கு விட்டு வையுங்கள். ரசத்துக்கு மிச்சம் போதும்!